ஆறு வீட்டுக்குப் பங்கு வைத்த மாத்திரை

போன வாரம் தெமோதரைக்குப் போயிருந்தேன். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அண்ணியைப் பார்க்க. பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான். வருஷக்கணக்காக முட்டி வலியில் நொண்டிக்கொண்டிருந்தவர், லயத்து வரிசை வீட்டுப் படிகளில் விறுவிறுவென்று இறங்கி வருகிறார்!

பக்கத்தில் வந்தபோதுதான் கவனித்தேன். முகம் உப்பியிருந்தது. காலில் கல் இடறிய புண்... ஒரு மாதமாகியும் ஆறவில்லையாம். சீனி வியாதிக்குக் காட்டும் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்த்தால் இரத்தத்தில் சீனி எகிறியிருக்கிறது. இப்படியே போனால் கால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஒழுங்கா மருந்து போடுறீங்களா அண்ணி?"

"ஆமா. சோறுகூட கொறச்சிட்டேன்."

"வேற ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"வேற மருந்தெல்லாம் இல்ல. கவிதா அனுப்புன மூலிகை மாத்திரதான். முட்டி வலிக்கு."

கவிதா அண்ணியின் ஒரே மகள். கட்டார் நாட்டில் வீட்டு வேலை பார்க்கிறாள்.

"அத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"மூலிகையப் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?"

நியாயமான கேள்விதான்! படித்தவர்களே அப்படித்தானே நினைக்கிறோம்?

போத்தலைக் கேட்டேன். அங்கேதான் சிக்கல். வெளிநாட்டுப் பார்சல் வந்தால் லயத்துக்கே பங்கு வைக்க வேண்டும். சொக்லட், சவர்க்காரம் — அதோடு இந்த மாத்திரையும். கலண்டர் தாளில் பத்துப் பத்தாக மடித்து ஆறு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். தன் பங்கு பழைய ஜாம் போத்தலில். மாத்திரை வந்த போத்தல்? அழகாக இருக்கிறதென்று யாரோ கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.

"கவிதாகிட்டயே பேரக் கேட்டுட்டா என்ன?"

"வேணாம். ஆசையா அனுப்புன பிள்ள. மனசு ஒடஞ்சு போகும்."

வீடு வீடாகத் தேடினோம். ஐந்தாவது வீட்டில் அந்தப் போத்தல் தேங்காய் எண்ணெயோடு கிடைத்தது. லேபிள் பாதி உரிந்திருந்தாலும் நல்லவேளை, பெயர் தப்பியிருந்தது.

பெயரோடு 'எச்சரிக்கை', 'மீளப்பெறல்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் போனில் தேடினேன். விற்கிறவர்களின் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்தான் மின்னும். அதை விட்டுவிட்டு, ஒரு வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் எச்சரிக்கைப் பட்டியலைத் திறந்தேன். இருந்தது. அதே பெயர், அதே படம்.

லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கிறார்கள். வலி பறந்துவிடும். கூடவே முகம் வீங்கும், சீனி ஏறும், புண் ஆறாது. சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் போங்கள் என்றும் எழுதியிருந்தது.

அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பயமில்லையா? அப்படியும் இல்லை. இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

அன்றைக்கே போத்தலோடு டாக்டரிடம் போனோம். அவர் திட்டவில்லை. இதைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், அடிக்கடி வந்து காட்டுங்கள் என்றார்.

மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடியிருந்தபோது, அண்ணி அவர்கள் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். மாத்திரை வாங்கியிருந்த ஒரு அக்கா முன்னால் வந்தார்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது? இன்னும் ரெண்டுதான் இருக்கு. முடிச்சிட்டு நிப்பாட்டவா?"

அண்ணி குனிந்து, புண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துக் காலைக் காட்டினார். அதன் பிறகு ஆறு வீட்டிலிருந்தும் கலண்டர் தாள் மடிப்புகள் திரும்பி வந்தன. சாப்பிட்டவர்கள் எல்லாரும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார்கள்.

மத்தியானம் கவிதா போன் பண்ணினாள்.

"அம்மா, மாத்திர முடிஞ்சிருக்குமே. இன்னொரு போத்தல் அனுப்பவா?"

'ஒன்றும் சொல்லாதே' என்று அண்ணி என்னிடம் கையைக் காட்டினார். நான் விடவில்லை. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றேன். கடைசியில் அண்ணியே சொன்னார், எதையும் மறைக்காமல்.

அந்தப் பக்கமிருந்து மெதுவாக அவள் குரல்...

"அம்மா, இடுப்பு வலிக்கு நானும் அதத்தான் சாப்பிடுறேன்."