மலைச்சுடரை நம்பிய கண்கள்

நாற்பத்து மூன்றாம் அகவையில் எனக்கு வெள்ளெழுத்து வந்தது. மாணவர் விடைத்தாளைக் கை நீளும் தொலைவுக்குத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்துகள் தெளிந்தன. கண்ணாடி வாங்கி அணிந்தேன். அடுத்து வரவேண்டியது புரை என்றும், அது முற்றியபின் எடுத்துவிடலாம் என்றும் எண்ணியிருந்தேன். முதுமை கண்ணிடம் கேட்கக்கூடியவை இவ்விரண்டுமே என்பது என் கணிப்பு.

இடைப்பட்ட ஆண்டுகளில் கண் மருத்துவரிடம் செல்ல நான் ஒருப்படவில்லை. எனக்கென்று ஒரு சோதனை இருந்தது. திருக்கார்த்திகை மாலையில், வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டு மேல்தளத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையுச்சியை நோக்குவேன். ஏற்றிய தீபம் சிதறாமல் ஒற்றைச் சுடராகத் தெரிந்தால் ஓராண்டுக்குக் கவலையில்லை. மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையில் வாழும் என் தம்பிக்கும் இதை நானே சொல்லிக்கொடுத்தேன். தீபம் ஏறிய சற்று நேரத்தில் அவன் தொலைபேசியில் அழைப்பான்.

“தெரிஞ்சுதாண்ணா?”

“நல்லாத் தெரிஞ்சுது. உனக்கு?”

“எனக்குத் திரியே தெரியுது போ!”

இருவரும் நகைப்போம்.

சென்ற ஆண்டும் சுடர் தெளிவாகவே தெரிந்தது. ஆயினும் வேறு சில நேர்ந்துகொண்டிருந்தன. உணவு மேசையில் இடப்புறம் வைத்த நீர்க்குவளையை இருமுறை தட்டிவிட்டேன். சந்தையில் என் மனைவியைக் கடந்து நடந்துபோய், அவளைக் காணவில்லை என்று தேடினேன். “எதுர்ல போற பஸ்சோட போர்டு படிக்கத் தெரியுது. பக்கத்துல நிக்கற பொண்டாட்டி தெரியலயாங்க?” என்று அவள் கடைத்தெருவிலேயே கேட்டாள். கவனக்குறைவு என்றேன். பிறகொரு நாள் கிரிவலப் பாதையில், இடப்பக்கமாக வந்த ஆட்டோவின் கண்ணாடி என் தோளில் மோதியது. ஓட்டுநர் ஒலி எழுப்பியபடியே வந்ததாக உடன் நடந்தவர்கள் கூறினர். ஒலி கேட்டது உண்மை. வண்டிதான் எங்குமே இல்லை. அதன்பின் மனைவி என் சொல்லுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள்.

அங்கே ஒரு கண்ணை மூடிக் கட்டி, வெண்ணிறக் கிண்ணம் போன்ற கருவியினுள் முகத்தைப் பொருத்தச் செய்தனர். நடுவில் உள்ள புள்ளியையே நோக்கியிருந்து, பக்கங்களில் சிற்றொளி தோன்றும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இடக்கண்ணின் முறை வந்தது. நான் காத்திருந்தேன்.

“ஐயா, தூங்கிட்டீங்களா? அழுத்துங்க” என்றாள் கருவியை இயக்கிய பெண்.

“வெளிச்சம் வந்தா அழுத்துறேன்மா.”

“வந்துனுதான் இருக்குது ஐயா” என்று அவள் மெல்லச் சொன்னாள்.

எனக்கு எதிரே இருள் இருந்திருந்தால் அறிந்திருப்பேன். இருள் இல்லை, குறையே இல்லாத வெண்மைதான் இருந்தது. பார்வை இல்லாத இடத்தையும் இருப்பதுபோல் மனம் பூசி மெழுகிக் காட்டுமாம்.

மருத்துவர் என் மகள் வயதினர். கண்ணினுள் நீரழுத்தம் மிகுந்து பார்வை நரம்பை அரித்துவிட்டது என்று விளக்கினார். நான் மலைச்சுடரைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்காதது எனக்கு அச்சத்தையே தந்தது.

“நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருக்கும் ஐயா. இது ஓரத்துலருந்துதான் பிடிக்கும். நீங்க வருஷா வருஷம் நடுவை மட்டும், அதுவும் ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுப் பாத்திருக்கீங்க. நாப்பது தாண்டினா கண்ணு பிரஷர் பாக்கணும், உள்ள நரம்பைப் பாக்கணும்.”

“போனது?”

“போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தச் சொட்டு மருந்து தர்றேன். ஒரு நாள் கூட விடக் கூடாது. கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?”

“ஒரு தம்பி.”

“உடனே கூட்டினு வாங்க. வலி இருக்காது, சிவப்பு இருக்காது. அவருக்கே தெரியாது.”

தம்பி வரவில்லை. மூன்று முறை தொலைபேசியில் சொன்னேன். வேர்க்கடலை பிடுங்க வேண்டும் என்றான். பௌர்ணமி போகட்டும் என்றான். நானே பேருந்தேறி, கிரிவலப் பாதையில் அவன் வைத்திருக்கும் தேநீர்க்கடைக்குச் சென்றேன்.

“உனக்கு வந்தா எனக்கும் வரணுமாண்ணா? நீ பொஸ்தகம் படிச்சுப் படிச்சுக் கெடுத்துக்கினே. நான் என்ன ஜாஸ்தி படிச்சவனா?”

“படிக்கறதால வர்றதில்லடா இது. ரத்த வழியா வர்றது.”

“தீபம் தெரியறவரைக்கும் டாக்டர்கிட்ட போவாதேன்னு சொன்னது யாரு? நீதானே?”

நான்தான். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே பார் என்று மட்டும் வேண்டினேன். என்னைப் பேசவிடாமல் செய்யும் பொருட்டே அவன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

“என்னடா தெரியுது?”

“எதுர் கடை தெரியுது. இந்த எடது பக்கம் கொஞ்சம் கம்மிதான்.” கையை எடுத்துவிட்டான். “ரெண்டும் சேர்ந்தா சரியாப் போவுது. வுடுண்ணா.”

கம்மி என்பது எவ்வளவு என நான் கேட்பதற்குள் அடியார் இருவர் தேநீர் கேட்டு வந்தனர். அவர்கள் போனபின்பும் கேட்டேன். “வர்றேன்னு சொல்றேனே” என்றான். எந்த நாள் என்று சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துச் செல்ல அவன் குழந்தையல்லன், அறுபத்திரண்டு அகவை.

திரும்பும்போது பேருந்து உடனே இல்லை. “ஏறுண்ணா, பஸ் ஸ்டாண்டுல வுடுறேன்” என்று தன் வண்டியைக் கிளப்பினான். மறுக்கத் தோன்றியது, மறுத்தால் இனி மருத்துவமனைப் பேச்சையே எடுக்கவிடமாட்டான் என்றும் தோன்றியது. ஏறி அமர்ந்து அவன் தோளைப் பற்றினேன். இடப்பக்கம் வருவதை நான் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகலாம் என்று எண்ணினேன். அந்தப் பக்கம் எனக்கும் இல்லை என்பது வண்டி சாலையில் இறங்கிய பிறகே நினைவுக்கு வந்தது.