பதினாறுக்கு இருபத்தைந்து ஆகும், இரண்டுக்கு ஐந்து ஆகாது

பழுதான சாமானைத் திறந்ததும் ஹலீமா முதலில் மோந்துதான் பார்ப்பாள். கண்ணாடி மாட்டுவதெல்லாம் அப்புறம். "கருகின நாத்தம் வேற, பொங்கின நாத்தம் வேற" என்பாள். கொட்டகலை பஜாரில், பேக்கரிக்கும் தையல் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற ரிப்பேர் கடை அவளுடையது. உள்ளே இருக்கிற போர்டை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். கொண்டுவந்தவரை ஒரு சொல் சொல்லமாட்டாள்.

அன்றைக்கு அவள் மோந்தது சண்முகவடிவின் மெஷினை. வடிவின் புருஷன் கணேசமூர்த்திக்கு மூச்சிழுப்பு. மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றுகிற மெஷின் அது. இரண்டு நாளாகச் செத்துக் கிடக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் விடாத மழை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அந்த மனுஷன் உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறான்.

"கெப்பாசிட்டர் வயிறு ஊதிட்டுது. பதினாறு வோல்ட். எங்கிட்ட இருபத்தஞ்சுதான் இரிக்கி, போடுறேன்."

வடிவுக்குப் பகீரென்றது. "ஐயோ அக்கா! மருந்தே ஒரு சொட்டு கூடப்படாதுன்னு டொக்டர் சொல்றாங்க. நீங்க ஒம்போது கூட்டுறீங்களே!"

"எங்க கூட்டினேன்? இது தாங்குற பலம் புள்ள. கொழுந்துக் கூடைக்கு மொத்தமான கயிறு கட்டினா, கொழுந்து கூடிருமா? கூடை அதே கூடைதான்."

பத்தொன்பது வருஷம் கூடை சுமந்த தலை. அது வடிவுக்கு உடனே பிடிபட்டது. ஹலீமா புதியதை ஈயத்தால் பற்றவைத்து முடித்தாள்.

அப்புறம்தான் பியூஸைப் பார்த்தாள். கண்ணாடிக் குழாயைச் சுற்றித் தேயிலைப் பாக்கெட்டின் ஈயத்தாள்.

"இது யாரு பார்த்த வேலை?"

"அவருதான். பியூஸ் எரிஞ்சிருச்சுன்னு சுத்தினாரு. அரை நாள் ஓடுச்சே!"

"லயம் எரியாம இருந்திச்சே, அதைச் சொல்லு." ஹலீமா டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினாள். "ரெண்டு அம்பியர் வேணும். அஞ்சுதான் கெடக்கு. நாளைக்கு ஹட்டன்ல வாங்கிட்டு வாறேன்."

"அஞ்சைப் போடுங்க. மொத்தக் கயிறுதானே?"

"அது தாங்கணும். இது அறுந்து போகணும்."

"அறுந்து போறதுக்கா கயிறு கட்டுறது?"

கயிற்றுக் கதையை எடுத்ததே தப்போ என்று ஹலீமாவுக்கே குழம்பிவிட்டது. "எனக்குச் சொல்லத் தெரியல புள்ள. உள்ளுக்கு ஒரு கோளாறு வந்தா ரெண்டு எரிஞ்சு நின்னுரும். அஞ்சு நிக்காது. மெஷின் எரியும், அவரு மூஞ்சிக்குக் கிட்ட. நான் போடமாட்டேன்."

"நீங்க சொன்னா சரி. எனக்கு வெளங்கல. ஆனா இன்னிக்கு ராத்திரி அவரு எப்படி மூச்சு விடுவாரு?"

ஹலீமா வாசலை எட்டிப் பார்த்தாள். அங்கே டீவியைத் தோளில் வைத்தபடி இரண்டு பேர் நின்றார்கள். "நாளைக்கு வாங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, ஈயம் பற்றவைக்கிற தன் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். சிவப்பு விளக்கு அவிந்தது. பெட்டியைத் திருப்பி, அதன் பியூஸை உருவி, அதில் பொறித்திருந்த இரண்டு அம்பியரை வாசல் வெளிச்சத்தில் இரண்டு தரம் பார்த்து, வடிவின் மெஷினில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.