பேச்சு கேக்காத வாட்ச்

சின்னு, இன்னைக்குத்தான்டி எனக்கு மூச்சே வந்துச்சு.

எங்க ஆரோக்கியத்துக்குன்னு சொல்லி ரிசார்ட்ல வேலை பாக்குற எல்லாருக்கும் வாட்ச் கட்டிவிட்டாங்க. பேசுறதெல்லாம் ஆபீசுக்குப் போயிரும்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன்.

முன்னாடி ரூம் ரூமா நாம அக்கா தங்கச்சி ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு பெட் விரிப்போம். நீ போய்ச் சேர்ந்தப்புறம் நான் தனியா விரிச்சாலும் உங்கூடப் பேசிக்கிட்டேதான் விரிப்பேன். வாட்ச் வந்ததும் அதுவும் நின்னுபோச்சு.

இன்னைக்கு சூப்பர்வைசர் பொண்ணு கேட்டுச்சு: "என்னக்கா, ஊமையாயிட்டீங்க?"

வாட்ச்சைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சுச்சு.

"ஐயோ அக்கா, அது நாடியும் தூக்கமும்தான் பாக்கும். நீங்க மேனேஜரைத் திட்டுறது எனக்குத்தான் கேக்கும், அதுக்குக் கேக்காது!"

அடுத்த ரூம்லயே ஆரம்பிச்சுட்டேன். முதல் அர்ச்சனை மேனேஜருக்குத்தான்.

வாட்ச்சுக்குக் கேக்கலைன்னா போகட்டும். உனக்குக் கேட்டுச்சாடி?