காளி கோயில் வாசலில் வெள்ளைப் புடவை

ரங்கூன் போகும் வழியில் எங்கள் கப்பல் கல்கத்தாவில் ஒரு பகல் நின்றது. அங்கே உத்தியோகத்திலிருந்த அத்திம்பேர் என்னையும் கணவரையும் காளி கோயிலுக்கு அழைத்துப் போனார். வாசலில் ஒரு வங்காளத்துக்காரி பெண்களுக்கெல்லாம் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தாள். கட்டியிருந்ததோ வெள்ளைப் புடவை. விதவை கையால் குங்குமமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளும் என் தலையைப் பார்த்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

"நெத்தியில இட்டுண்டாப் போறாது. வகிட்டில குங்குமம் இல்லேன்னா இவாளுக்கு அமங்கலிதான்," என்றார் அத்திம்பேர்.

பக்கத்தில் கணவர் நிற்கும்போதா? தாலியை வெளியே இழுத்துக் காட்டி, அவள் புடவையைச் சுட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவ்வூர்ச் சுமங்கலிகள் அணியும் சங்கு வளையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

இருவரும் பட்டது ஒரே அவமானம் என்று கப்பலேறிய பிறகுதான் உறைத்தது. ஆனாலும் இன்றுவரை நான் அவளை மன்னிக்கவில்லை. அவளும் மன்னித்திருக்க மாட்டாள்.