அந்தோணியார் கோயில் மதிலோரம்

ஜூஜுவாடியைத் தாண்டி உள்ளே போனால் வரும் பாறைப்பள்ளியில், ஊரைவிட அந்தோணியார் கோயிலுக்குத்தான் வயது அதிகம் என்பார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், கஞ்சிக்கு வந்தவர்களையே கல் சுமக்க வைத்துக் கட்டியது. கோயிலைச் சுற்றிக் குடிசை போட்டவர்கள் ஊரானார்கள். பாதிப் பேர் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானார்கள். சேராதவர்களின் பாட்டன் சுமந்த கல்லும் அந்தச் சுவரில் இருக்கிறது.

மாதேஸ்வரியின் குடும்பம் சேராத குடும்பம். சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். சனிக்கிழமையானால் விளக்குமாறோடு அந்தோணியார் கோயிலுக்குப் போய்விடுவாள். கூலி கேட்டதில்லை. முன்வாசலை ஏனோதானோவென்று கூட்டுவாள்; கிழக்கு மதிலோரம் வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு சருகாகப் பொறுக்குவாள்.

"நம்ம மாரியம்மனுக்கு ஒரு நாளு வாச தெளிச்சிருப்பியா? அந்தோணியாரு என்னாடி, ஒனக்கு மாமனா மச்சானா?" என்பாள் பக்கத்து வீட்டு நஞ்சம்மா.

"மாமனாருதான். வாயே தொறக்காத மாமனாரு. எவளுக்குக் கெடைக்கும்?"

சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அவளுடைய முதல் பிள்ளை, பெயர் வைக்கும் முன்பே இறந்தது. பால்குடிப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். அந்த ஐப்பசியில் ஏரி உடைந்து, ஊர்ச் சுடுகாட்டில் இடுப்பளவு தண்ணீர். துணியில் சுற்றிய பிள்ளையோடு மழையில் நின்ற அவள் கணவன் சென்னப்பனை அன்றிருந்த சாமியார் கூப்பிட்டு, கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் கிழக்கு மதிலோரம் இடம் காட்டினார். நாய் தோண்டாமலிருக்க முள்ளும் ஒரு கருங்கல்லும் வைத்தான் சென்னப்பன். வேதத்தில் சேராத பிள்ளைக்கு இடம் கொடுத்ததாகச் சாமியாருக்குக் கெட்ட பேச்சு வரக்கூடாதென்று இருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு சாமியார் மாற்றலாகிப் போனார், சென்னப்பன் செத்துப்போனான்.

இந்த வருஷம், லாரிகள் திரும்புவதற்காக, கிழக்கு மதிலை ஒட்டிய கம்பெனிச் சாலையை அகலப்படுத்த முடிவானது. மதிலோரத்துக் கல்லறைகளைத் தோண்டி மேற்கே மாற்றப்போவதாகப் பூசையில் அறிவித்தார், சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஆனந்தராஜ். பெயர்க்கல் உள்ளவற்றை மட்டும்தான். மாதேஸ்வரியின் கல்லில் பெயரில்லை. சொல்லாவிட்டால் பிள்ளையின்மேல் தார் விழும், லாரி ஓடும்.

தோண்டிய அன்று அவள் கேன்டீனுக்குப் போகவில்லை. கடைசிக் கல்லறையும் முடிந்து, ஆனந்தராஜ் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னிக்கி சனிக்கிழம இல்லயே?"

"அண்ணா, இங்க எம்புள்ள ஒண்ணு கெடக்குது."

"எந்தப் புள்ள?"

"மொதப் புள்ள. பொண்ணு. ஏரி ஒடஞ்ச வருசம்."

அவர் அவளையும் அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன வருசமா கூட்டுறியே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டா?"

ஆனந்தராஜ் மண்வெட்டியைத் தானே எடுத்தார். கல்லை நகர்த்தித் தோண்டத் தோண்டச் செம்மண்தான் வந்தது. அப்புறம் கொஞ்சம் கறுத்த மண். எலும்பு ஒன்றுமில்லை. மாதேஸ்வரி அப்படியே குழியருகே உட்கார்ந்துவிட்டாள்.

மற்றக் கல்லறைகளின் எலும்புகளை வைக்க வாங்கிய புது மண்பானைகளில் ஒன்றை அவள்முன் வைத்தார் ஆனந்தராஜ்.

"அந்த மண்ணுதாம்மா புள்ள. நீயே அள்ளு."

இரண்டு கையாலும் அள்ளினாள். மேற்கே, மற்றக் கல்லறைகளின் வரிசையிலேயே பானையை இறக்கினார்கள்.

"சிலுவைல என்னா பேரு எழுத?"

"பேரு வெக்கலண்ணா. சிலுவையும் வேணாம், எங்களுது அது இல்ல. அந்தக் கல்லயே வெச்சிடு. மாதேஸ்வரி பொண்ணுன்னு எழுது."

வெள்ளைப் பெயின்டில் அப்படியே எழுதினார்.

சேதி ஊரெல்லாம் பரவியிருந்தது. சனிக்கிழமை அவள் கிளம்பும்போது நஞ்சம்மா தன் வீட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"முன்வாசல நாம் பாத்துக்கறன். நீ அந்தப் பக்கம் போ."