கழுத்தில் தழும்பில்லாத ஆபரேஷன்

எழுபதுகளில், காஞ்சிபுரத்தில் ஒரு சினிமாக் கொட்டகைக்காக ஜட்கா வண்டியில் உட்கார்ந்து மைக்கில் விளம்பரம் சொல்வது என் வேலை. சின்ன காஞ்சிபுரம் வரை என் குரல்தான். நடுநடுவே பீடி. குரல் கரகரத்தபோது வில்லன் மாதிரி இருக்கிறது என்று ரசித்தார்கள். மாதக்கணக்கில் தெளியாமல் போகவே, என் மனைவி என்னை மெட்ராஸுக்கு இழுத்துப் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். துளி சதையை எடுத்துச் சோதித்துவிட்டு, "புற்றுநோய்தான்" என்றார்.

"பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. கழுத்தை அறுக்க வேண்டாம். மயக்கம் கொடுத்து, வாய் வழியா குழாயை விட்டு எடுத்துடறேன்."

அப்படியே எடுத்தார். வீங்கிய உதடு ஒன்றுதான் வெளியே தெரிந்த அடையாளம். தான் சொல்லும்வரை நான் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்.

"அத நான் பாத்துக்கறேன் சார்" என்றாள் மனைவி. அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியதும் அவளுடைய அண்ணன் ஏனாத்தூரிலிருந்து சைக்கிளில் வந்தார். என் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"எங்கம்மா தையல்?"

"வாய் வழியா எடுத்தாங்கண்ணா."

"வாய் வழியா பல்லுதாம்மா புடுங்குவாங்க. நல்லா ஏமாந்துக்கினு வந்திருக்கீங்க."

நான் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தேன்.

"பாரு, மாப்ளயே ஆமான்றாரு!"

வருகிறவர்கள் எல்லாரும் இதையே கேட்டார்கள். அலுத்துப்போன மனைவி ஒரு நாள் பழைய வேட்டியைக் கிழித்து என் கழுத்தில் கட்டாகச் சுற்றி, நடுவில் ரத்தக்கறை மாதிரி டிஞ்சர் மருந்தைத் தொட்டு வைத்தாள். அதன் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கட்டைப் பார்த்ததுமே கண்கலங்கினார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்தன. அண்ணனிடம் மட்டும், உள்ளே இருந்த புண் இப்போதுதான் வெளியே தெரிகிறது என்று சொல்லிவைத்தாள். "இப்பதான் ஆபரேஷன் மாதிரி இருக்குது" என்று அவர் திருப்தியாகப் போனார்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டோம். டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"கழுத்துல யாரு கை வெச்சது?"

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். டாக்டர் கட்டை அவிழ்த்தார். கீறல்கூட இல்லை. கண்ணாடியை விட்டுத் தொண்டையை வெகுநேரம் பார்த்தார். நான் பயத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சுத்தமா ஆறியிருக்கு. இப்ப பேசலாம். சொல்லுங்க, இது யார் வேலை?"

பாதி காற்றும் பாதி குரலுமாக வந்தது: "இவதான் சார்."

டாக்டர் சிரித்தார். "வாய் தொறந்ததும் கோள் மூட்டறதப் பாருங்க சார்" என்ற மனைவியின் கண்களில் தண்ணீர்.

நோய் திரும்பவில்லை. மைக்குக்கு மட்டும் அந்தக் குரல் போதவில்லை. கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். அதெல்லாம் பின்னால். அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு வேறு கவலை. நான் பேசாதிருந்த நாட்களில் முடிவான சங்கதிகளை அவள் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். என் தங்கைக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. ஒரு பசுமாடு வரப்போகிறது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டேனே. தலைய ஆட்னீங்களே!"