நீல நூல் போட்ட குட்டான்

பேய், பிசாசு, சகுனம், குறி எதையும் நான் நம்பியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவள் நான். பாதிக் காலம் செய்தி எழுதினேன், மீதிக் காலம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். கிணற்றடியில் வெள்ளை உருவம் கண்டதாக வந்த செய்திகளைச் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டியது இந்தக் கைதான். ஆகவே நான் எழுதப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. எனக்கு மறதி என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்ன ஒருவனை ஏற்கனவே சமாளித்துவிட்டேன்.

அவன் என் தம்பி குகன். ரொறொன்ரோவில், அஜின்கோர்ட்டில் வீடு. பெப்ரவரி கடைசியில் என்னை அழைப்பித்தான். அறுபத்தேழு வயதில் அதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். அதற்கு முன் என்னிடம் பாஸ்போட்டே இருந்ததில்லை, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வந்த இரண்டாம் கிழமை பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய் வீட்டு அலாரம் கத்தியது. பிறகு வீட்டுத் திறப்பைத் தொலைத்தேன். அவ்வளவுதான். தம்பி மறதிக்கு டொக்டரிடம் நேரம் எடுத்தான், என் பாஸ்போட்டை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினான்.

"இனி அங்க தனிய விட ஏலாதக்கா. ரிக்கெற்றைக் கான்சல் பண்ணுவம். வீட்டை வித்துப்போட்டு இஞ்சயே இருங்கோ."

"நீ போன கிழமை கார்த் திறப்பைத் தேடி ஃபிரிட்ஜுக்குள்ள எடுத்தனீ. உன்னை எங்க பூட்டி வைக்கிறது?"

"அது பகிடி அக்கா. இது வருத்தம், டொக்டரிட்டக் காட்டவேணும்."

அந்த வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குப் போனதும் நான் தனியாக வெளியே கிளம்பினேன். ரொறொன்ரோவின் பெரிய கோபுரத்தையும் ஏரியையும் ஏற்கனவே காரில் கூட்டிப்போய்க் காட்டிவிட்டான். தனியே பஸ் பிடித்து, சப்வே மாறி, ஊர் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவந்தால் என் தலை சரியாக இருக்கிறது என்று அவனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. கைப்பைக்குள் ஒரு பனங்கட்டிக் குட்டான் இருந்தது. குட்டான் என்றால் பனங்கட்டி வார்த்த சின்ன ஓலைப் பெட்டி. எங்கே, யார் வீட்டு வாசலை மிதிக்க நேரும் என்று சொல்ல முடியாது, வெறுங்கையோடு போகக் கூடாது. ஊரிலிருந்து இரண்டு கொண்டுவந்திருந்தேன். ஒரே பத்திரிகைத் தாளைக் கையால் இரண்டாகக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் பாதியாகச் சுற்றியிருந்தேன். ஓட்டப்போட்டியில் கிண்ணம் வாங்கிய ஒரு மாணவியின் படம் நடுவால் கிழிந்தது, பாவம் பிள்ளையின் முகம் என்று நினைத்ததும் ஞாபகம். ஒரு குட்டானின் விளிம்பு வெடித்திருந்ததால் நீல நூலால் தைத்தேன். அதைப் பயணப் பெட்டிக்குள் விட்டுவிட்டு நல்லதையே எடுத்துவந்தேன்.

யங் ஸ்ட்ரீட்டின் வடக்கில் இறங்கினால் ஈரானியர் கடைகள். அன்று அவர்களுக்கு வருடப்பிறப்பு. நவராத்திரிக் கும்பத்துக்கு முளைக்கவிட்டது போலத் தட்டுத் தட்டாகப் பச்சை முளைகள், கண்ணாடிக் கிண்ணங்களில் தங்க மீன்கள், நடைபாதை ஓரத்தில் கறுத்துப்போன பனி. எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு கையில் முளைத்தட்டும் மறு கையில் பூச்சாடியுமாக வந்தார். அவர் தோளில் தொங்கிய பை நழுவியது, நான் பிடித்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"வந்துவிட்டீர்களே! மெஹ்ரி காலையிலிருந்து ஜன்னலில் நிற்கிறாள்."

இதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். என் ஆங்கிலமும் அப்படித்தான். ஆளை மாற்றிவிட்டீர்கள் என்றேன். சிரித்தார். பையோடு இரண்டு தெரு நடந்தோம், வாசலில் வைத்து மறுபடி சொன்னேன். தன் பெயர் ஹமீத் என்று புதிதாக அறிமுகம் செய்வதுபோல் நடித்துத் தலை குனிந்தார். கதவைத் திறந்த அவர் மனைவி மெஹ்ரி என் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டபோது மூன்றாம் தரம் சொன்னேன், நான் இந்த நாட்டுக்கு வந்தே மூன்று கிழமைதான், உங்களைக் கண்டதே இல்லை.

"எங்களிடம் விருந்தாளி மரியாதைக்கு மூன்று தரம் மறுப்பார். நீங்கள் மூன்றையும் சொல்லி முடித்துவிட்டீர்கள். இனி உட்காருங்கள்," என்றார் மெஹ்ரி.

மேசையில் முளை, அப்பிள், உள்ளி, மெழுகுதிரி, ஒரு கண்ணாடி. கண்ணாடியின் மேல் ஒரு முட்டை. வருடம் பிறக்கும் நொடியில் அந்த முட்டை அசையும் என்பது சில வீடுகளில் நம்பிக்கையாம். ஏற்கனவே நாலு பீங்கான் வைத்திருந்தது, ஒன்று எனக்கு, ஒன்று யாராவது வந்தால். சரியாகப் பத்து மணி நாற்பத்தாறுக்குத் தொலைக்காட்சியில் முழக்கம் கேட்டது. முட்டை கால் சுற்று திரும்பியது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. பக்கத்தில் நிலத்துக்குக் கீழே சப்வே ஓடுகிறது, முட்டை ஆடத்தான் செய்யும்.

தேநீர் வந்ததும் கைப்பையிலிருந்து குட்டானை எடுத்துக் கொடுத்தேன். மெஹ்ரி கை தட்டினார். பூச்சாடிக்குப் பின்னால் கை விட்டு இன்னொரு குட்டானை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். காலியானது, ஓலை பழுப்பேறியது. விளிம்பில் நீல நூல். நான் போடும் இரட்டை முடிச்சு.

"போன வருடம் நீங்கள் தந்தது. மாதம் ஒரு மூலையாகக் கத்தி நுனியால் உடைத்து, மிச்சம் பிடித்துச் சாப்பிட்டோம். தாளைக்கூட எறியவில்லை," என்று குட்டானுக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார். மஞ்சளாகிப்போன தாள். அதில் ஒரு மாணவியின் வலது பாதி முகம். நான் கொண்டுவந்த தாளில் இடது பாதி. மெஹ்ரி என் பனங்கட்டியில் கத்தி நுனியால் ஒரு மூலை உடைத்து, பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். ஊரில் நாங்கள் கடித்துக் குடிப்பது போலவே. "நாங்களும் கற்கண்டைக் கடித்து இப்படித்தான் தேநீர் குடிப்போம் என்று போன வருடம் நான் சொன்னபோது நீங்கள் எப்படிச் சிரித்தீர்கள்!" என்றார்.

நான் பயப்படவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவே நீல நூல் குட்டான் இருந்தது, பனங்கட்டி முழுதாக. சுற்றியிருந்த தாள் மட்டும் இல்லை.

தம்பியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஆர் எண்டே தெரியாத வீட்டில போய்த் தேத்தண்ணி குடிச்சனீங்களோ? தாள் சுத்த மறந்திருப்பியள் அக்கா. உதைத்தான் நான் டொக்டருக்குச் சொல்லப்போறன்."

"நாளைக்குச் சனிக்கிழமை. காரை எடு. நீயே வந்து பார். அங்க ஒண்டும் இல்லையெண்டா பாஸ்போட்டை நீயே வைச்சிரு, ஊர்ப் பேச்சே எடுக்கமாட்டன்."

பந்தயம் பெரியது என்று எனக்குத் தெரியும். என் வீடு, என் முற்றம், என் மிச்ச நாட்கள்.

மறுநாள் நீல நூல் குட்டானையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். வருடப்பிறப்புக் கிழமைகளில் யாரும் யார் வீட்டுக்கும் போகலாம். தம்பிக்கும் கன்னத்தில் முத்தம் கிடைத்தது. அவனே இரண்டு நீல நூல் குட்டான்களையும் பக்கம் பக்கமாக வைத்து நூலைப் பார்த்தான். இரண்டு பாதித் தாள்களையும் தானே மேசையில் பொருத்தினான். பிள்ளை கிண்ணத்தோடு முழுதாகச் சிரித்தாள். மெஹ்ரியின் பழைய பாதியின் மேல் விளிம்பில் திகதி இருந்தது. வாசித்தான், திரும்பவும் வாசித்தான். இந்த வருடம், பெப்ரவரி.

"போன வருடம் வந்தது வேறு யாராவது தமிழ் அன்ரியாக இருக்கும்," என்றான், குரல் இறங்கி.

மெஹ்ரிக்கு முகம் சிவந்தது. "போன வருடம் இந்த வீட்டுக்கு வந்த ஒரே விருந்தாளி இவர். எனக்கு முகம் மறக்குமா?"

வீட்டுக்கு வந்ததும் லாச்சியைத் திறந்து பாஸ்போட்டை என் கையில் வைத்தான்.

"டொக்டர்?" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? உங்களுக்கு மறதியெண்டா எனக்கும்தான். நீங்கள் போங்கோ அக்கா. ஆனா உந்தக் குட்டானை இஞ்ச விட்டிட்டுப் போகாதேங்கோ."

விடவில்லை. இப்போது நான் என் வீட்டில்தான் இருக்கிறேன், தனியாக, அடுப்பை நானே மூட்டி நானே அணைத்துக்கொண்டு. குட்டான் குசினி அலுமாரியில் ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் இருக்கிறது, மூடி இறுக்கி. நான் ஒரு துண்டும் தின்னவில்லை. பழைய விஞ்ஞான வாத்தியார் ஒருவரிடம் சொன்னேன், காற்றில் ஈரம் போகும், நிறை குறையும் என்றார். சரி, குறையட்டும். ஆனால் ஈரம் இப்படிப் போகாது. போன மாதம் பனங்கட்டியில் ஒரு மூலை இல்லை. நேற்றுப் பார்த்தேன், மற்ற மூலையும் இல்லை. வெட்டு நேராக இருக்கிறது, கத்தி நுனியால் உடைத்தது போல.